மச்சாளுக்கு நான் செய்த படம்

மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் பிழை பிடிப்பதுதான் என் வேலை. காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் பல வருடமாக அதற்குத்தான் சம்பளம். கிழமை முழுக்க அடுத்தவர் விட்ட பிழையைத் தேடித் தேடிக் களைத்து, சனிக்கிழமை வந்தால் நானும் சொந்தமாக நாலு பிழை விட்டுப் பார்க்கவேண்டும் என்று கை துடிக்கும். ஊரை விட்டு வெளிநாடு வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில், உடுப்புத் தோய்க்கும் மிசினுக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய சாப்பாட்டு மேசைதான் என் பட்டறை. இரண்டு கமரா, ஒரு லப்டொப், வேலையிடத்தில் எறிய வைத்திருந்ததைக் கேட்டு வாங்கிவந்த பெரிய திரை ஒன்று. என் வீட்டுக்காரர் படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, சீட்டு விளையாடப் போகேல்லை" என்று சொல்லிக்கொண்டு மேலே போய்விடுவார்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. விசைப்பலகையையும் மௌசையும் தொடாமல், ஆளோடு ஆள் பழகுகிற மாதிரிக் கணினியோடு பழகவேண்டும். முதலில் செய்தது குசினிக்கு. றோல்ஸுக்கு மாக் குழைத்த கையோடு திரையைத் தொடமுடியாதல்லவா? கையை இடமிருந்து வலமாக வீசினால் கமரா அதைப் பார்த்து, சமையல் குறிப்பின் அடுத்த பக்கத்தைக் காட்டும். நான் வீசினால் ஒழுங்காக வேலை செய்தது. சொந்தப் பிள்ளை சொந்தத் தாய்க்கு நல்ல பிள்ளையாக இருப்பது பெரிய விஷயமில்லை. வேறு ஆளில் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். அதற்கு எனக்கு எப்போதும் வாய்த்த ஆள் மச்சாள்.

மச்சாள் என் வீட்டுக்காரரின் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பு. அஜின்கோர்ட்டில் வீடு, ஸ்கூல் பஸ் ஓட்டும் வேலை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸையும் கொண்டுபோய் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்தால்தான் அவருக்கு நாள் முடியும். வாய் திறந்தால் இரண்டு கையும் சேர்ந்து கதைக்கும். என் சமையல் புரோகிராமுக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். யாரோ ஒரு தகப்பன் பஸ்ஸை மறித்துச் சண்டை பிடித்த கதையை அவர் சொல்லத் தொடங்க, திரையில் மீன் கறி போய், கோழி போய், வட்டிலப்பம் போய், கடைசியில் புத்தகமே முடிந்துவிட்டது.

"உம்மடை மிசினுக்கு நான் கதைக்கிறது பிடிக்கேல்லைப் போல" என்றார்.

அடுத்து, கண் போகிற பக்கம் திரையில் அம்புக்குறி போகவேண்டும் என்று ஒன்று எழுதினேன். அதற்கு ஆள் ஆடாமல் அசையாமல் கமராவுக்கு நேரே இருக்கவேண்டும். மச்சாளை இருத்தினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பது சின்னச் சிரிப்பல்ல. தலை பின்னால் போகும், கண் காணாமல் போகும், கடைவாய்ப் பல்லு வரைக்கும் தெரியும். கமரா தடுமாறி, ‘முகம் கிடைக்கவில்லை’ என்று திரையில் எழுதியது. அதை வாசித்துவிட்டு அவர் இன்னும் சிரித்தார்.

"மச்சாள், ஒரு நிமிசம் சிரியாமல் இருங்கோவன்" என்று எரிந்து விழுந்தேன்.

"சிரியாமல் இருக்கிற வேலையைத்தான் இவ்வளவு நேரமும் பஸ்ஸில பாத்திட்டு வாறன்" என்றார்.

எனக்குப் பொறுமை குறைவு. அதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு வாசிக்கிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டாம். அவரால் என் புரோகிராம்கள் எல்லாம் திருந்தின என்பதுதான் உண்மை. ஆனால் அந்த நேரத்தில், எல்லாரும் அடக்க ஒடுக்கமாக இருந்தால் என் புரோகிராம்கள் எவ்வளவு நன்றாக ஓடும் என்றுதான் நினைத்தேன்.

படவேலைக்குள் நான் வந்தது தற்செயலாக. என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தகப்பனார் மோசம்போய்விட்டார். எங்கள் சனம் செத்தவீட்டறிவித்தலுக்கும், முப்பத்தோராம் நாளன்று கொடுக்கும் நினைவு மலருக்கும் நல்ல படம் தேடும். தேடும்போதுதான் தெரியும், உயிரோடு இருந்த காலம் முழுக்க அந்த மனிசனை ஒருவரும் தனியாக ஒரு படம் எடுக்கவில்லை என்று. கலியாண வீட்டுக் கும்பலில் ஒரு மூலையில், பாதி முகத்தை யாரோ ஒரு பெண்ணின் கொண்டை மறைக்க, வாயில் வடையோடு நிற்பார். அதைக் கொண்டுவந்து நீட்டி, "இதிலயிருந்து எடுக்கேலுமோ?" என்று கேட்டார் அந்த நண்பர். எடுத்துக்கொடுத்தேன். கொண்டையை அகற்றி, மறைந்த பாதியை வரைந்து, வடையை எடுத்து, கோட் போட்டு, பின்னால் வெளிர்நீல வானத்தை வைத்தேன். அந்த வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்து அழுதார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வரத் தொடங்கினார்கள். வருகிற ஆட்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் கேட்பார்கள். நெற்றியில திருநீறு நல்லாப் பூசிவிடுங்கோ. சேட்டு வேண்டாம், கோட் போடுங்கோ. அம்மாவுக்குப் பட்டுச் சேலை. கண் நேரே பார்க்கட்டும். கட்டாயம் ஒன்று: பல்லுத் தெரியக்கூடாது. செத்தவீட்டுப் படத்தில் ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நானும் எத்தனையோ வாய்களை மூடிவிட்டேன்.

ஒவ்வொன்றையும் கையால் செய்து முடிக்க நாள் எடுத்தது. அதனால் ஒரு புரோகிராம் எழுதினேன். அவர்கள் கொண்டுவந்த படத்தையும், நான் திருத்திக் கொடுத்த படத்தையும் சோடி சோடியாக அதற்குக் காட்டினேன். இது வந்தால் இப்படி ஆக்கு என்று பழக்கினேன். அந்த வீட்டுக்காரர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அதுவும் வெட்கக்கேடுதான். ஆனால் புரோகிராம் கெட்டிக்காரப் பிள்ளை. கொஞ்ச நாளில் என் கையையே படித்துவிட்டது. கலங்கிய முகம் ஒன்றைக் கொடுத்தால் வானத்தையும் பட்டுச்சேலையையும் தானே போட்டு, நாலு விதமாக வரைந்து முன்னால் வைக்கும். நான் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் போதும்.

மச்சாளுக்கு வருத்தம் என்று தெரிந்தது ஒரு மாரியில். மார்பில் கட்டி. வெட்டினார்கள், பிறகு மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் போனது, புருவம் போனது, விரல் நுனிகள் விறைத்துப் போயின. நான் முதல் இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தேன். கட்டிலில் அவர் ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்ததைப் பார்த்த பிறகு எனக்குப் போகக் காலெழவில்லை. இரசம் வைத்து, இடியப்பம் அவித்து, வீட்டுக்காரரின் கையில் கொடுத்துவிட்டேன். "நீரும் வாருமன்" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம், அவசரமாக ஒரு நினைவு மலருக்குப் படம் கொடுக்கவேண்டும் என்பேன். அது பொய்யில்லை. எப்போதும் யாராவது செத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மருந்து முடிந்தது. நல்லாய் இருக்கிறது, இனி இடைக்கிடை வந்து காட்டினால் போதும் என்று டொக்டர் சொன்னார். அடுத்து வந்தது அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். பெரிய மண்டபம் எடுத்துச் செய்வோம் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். மச்சாள் முதலில் மறுத்தார். வீதியில், கோயிலில், கடையில் காண்கிற சனம் எல்லாம் அவரின் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்ட விதத்தில் அவருக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது. பிறகு சரி என்றார். அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்க என் வீட்டுக்கு வந்தார், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. தலையில் துணித் தொப்பி. கழற்றிக் காட்டினார். பொடி மயிர் முளைத்திருந்தது.

"டோப்பா வைக்கமாட்டன். இந்தத் தலையோடதான் நிக்கப்போறன்" என்றார். "ஆனா ஒண்டு. ஒருத்தரும் என்னைப் பாத்து அழக்கூடாது. செத்துப் பிழைச்சவளைப் பாக்கிற மாதிரிப் பாக்கக்கூடாது. நீர் எனக்கு ஒரு படம் செய்து தாரும். முந்தி இருந்த மாதிரி. பெரிசா. அதை வாசல்ல வைப்பம். பழைய தலையைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு உள்ளுக்கு வரட்டும், புதுத் தலை உள்ளுக்கு நிக்கும்."

"அதுக்கென்ன, செய்யிறன்" என்றேன்.

"வடிவா செய்யும். நான் நான் மாதிரி இருக்கவேணும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிக் கேட்பது?

அவரிடமும் நல்ல படம் இருக்கவில்லை. வருத்தம் வருவதற்கு முந்திய கோடையில், பூங்காவில் எல்லாரும் கோழி வாட்டிச் சாப்பிட்டபோது யாரோ போனில் எடுத்தது ஒன்று கிடைத்தது. புகைக்குள் நின்று சிரிக்கிறார், தலை பின்னால் போய், ஒரு தோள் இன்னொருவருக்குப் பின்னால். கலங்கல். ஆனால் மச்சாள்தான். அதைப் புரோகிராமுக்குக் கொடுத்தேன். நாலு படம் வந்தது. இரண்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் பற்கள் சரியாக வரவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒன்றில் கண் சரியில்லை. நாலாவது பிசிறில்லாமல் வந்திருந்தது. முகம் நேரே. வாய் மூடி, உதட்டில் மெல்லிய அமைதி. நடு நெற்றியில் பொட்டு. அடர்ந்த தலைமயிர், ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. மாம்பழ நிறப் பட்டு. பின்னால் வெளிர்நீலம்.

அந்த மயிரின் ஓரத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்து எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டேன். அவ்வளவு நுணுக்கமாக என் புரோகிராம் அதுவரை வரைந்ததில்லை. சிரிப்பு இருந்த படங்களில் பற்களை மட்டும் கையால் திருத்தியிருக்கலாம், ஒரு பின்னேர வேலை. எனக்கு அது தோன்றவே இல்லை. நாலாவதுதான் முடிந்த படமாக என் கண்ணுக்குப் பட்டது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கனநேரம் பார்த்தார்.

"என்னப்பா, ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார்.

"என்ன ஒரு மாதிரி?"

"தெரியேல்லை. அக்கா மாதிரித்தான் கிடக்கு. ஆனா அக்கா இல்லை."

"உங்களுக்கு என்ன விளங்கும்? போய் உடுப்பை மடியுங்கோ" என்று துரத்திவிட்டேன். மனிசன் பேசாமல் போய் மடித்தார்.

மருமகளுக்கு, அதாவது மச்சாளின் மகளுக்கு, படத்தின் கீழே பொன் எழுத்தில் பிறந்தநாள் வாழ்த்துப் போடவேண்டும், பக்கத்தில் ஐம்பது என்று பலூன் கட்டவேண்டும் என்று ஆசை. "Auntie, just a small one, please" என்று கெஞ்சினாள். நான் விடவில்லை. எழுத்தும் பலூனும் படத்தின் அழகைக் கெடுக்கும், வேண்டுமென்றால் உள்ளே மேடையில் கட்டு என்றேன். ஆளுயரத்துக்கு அச்சடித்தேன். அம்மாவுக்கு முதலே காட்டுவோமா என்று கேட்டாள். வேண்டாம், அன்றைக்குப் பார்த்து அசரட்டும் என்றேன். மறுப்பதற்கு இடம் கொடுக்காத ஆள் நான். அதைக் கெட்டித்தனம் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போனேன். வாசலில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, நிறைகுடம் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்குக் கொளுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டு விசேஷம் எதுவென்றாலும் வாசலில் அது இருக்கும். தட்டில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, உதிரிப்பூ. படத்தை எங்கே வைப்பது என்று பார்த்தேன். விளக்கின் வெளிச்சம் பட்டுச்சேலையில் பட்டால் எடுப்பாக இருக்கும் என்று, மேசைக்குப் பின்னால், இரண்டு விளக்குக்கும் நடுவில் நிறுத்தினேன். ஐந்தடி பின்னால் போய்ப் பார்த்தேன். நிறம் அருமையாக இருந்தது. என் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

முதல் வந்தவர் யூனியன்வில்லில் மகனோடு இருக்கும் ஒரு அங்கிள். ஊரில் மச்சாளின் வீட்டுக்கு அயல். மகன் வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிற்பாட்டப் போய்விட்டான். என்ன விசேஷம் என்று மகன் சொன்னானோ இல்லையோ, சொன்னது இவருக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மச்சாளுக்குக் கடும் வருத்தம் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார். உள்ளே வந்தவர் படத்தைக் கண்டு நின்றார். கையிலிருந்த பரிசுப் பையைக் கீழே வைத்தார். குல்லாவைக் கழற்றினார். சப்பாத்தைக் கழற்றினார். தட்டிலிருந்து ஒரு பிடி பூவை எடுத்து, படத்துக்கு முன்னால் போட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அவருக்குப் பின்னால் ஒரு புருஷனும் மனைவியும் வந்தார்கள். ஒரு வயதான மனிசன் வெறுங்காலோடு நின்று கும்பிடுகிறதைக் கண்ட அந்தப் பெண்ணின் கையும் தானாகத் தட்டுக்குப் போனது. அவரும் பூப் போட்டார். புருஷன் தலையைக் குனிந்தார், அவர்களுக்குப் பின்னால் வந்த சனமும் வாசலில் தேங்கி நின்றது. அப்போதுதான் நான் படத்தைப் பார்த்தேன். இரண்டு விளக்குக்கு நடுவே, வெளிர்நீல வானத்துக்கு முன்னால், வாயை மூடிக்கொண்டு, என் கையால் எத்தனையோ பேரை அனுப்பிவைத்த அதே முகத்தோடு மச்சாள் நின்றார்.

அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "எப்ப பிள்ளை நடந்தது? ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

நான் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சிரித்துச் சமாளித்திருக்கலாம். எனக்கு வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம்.

"அங்கிள், என்ன கதைக்கிறியள்? அவ இன்னும் சாகேல்லை!" என்று கத்தினேன்.

மண்டபத்தின் உள்ளே பாட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் அந்த நேரம் பார்த்து அதை நிறுத்தியிருந்தான். நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. திரும்பினேன். பின்கதவால் வந்திருந்த மச்சாள் உள்வாசலில் நின்றார். பச்சைச் சேலை, பொடித்தலை, மகளின் கையைப் பிடித்த கை. என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அதன் காலடியில் கிடந்த பூவைப் பார்த்தார்.

அங்கிள் சப்பாத்தைத் தேடினார்.

மச்சாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "அங்கிள், செத்தவீடெண்டால் மரக்கறிச் சாப்பாடு. இண்டைக்கு ஆட்டிறைச்சிப் புரியாணி. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

சனம் கொல்லென்று சிரித்தது. அங்கிளும் அழுதுகொண்டே சிரித்தார். மச்சாள் அவரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். பாட்டுத் திரும்பத் தொடங்கியது. எல்லாம் சுகமாக முடிந்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். மச்சாளின் மற்றக் கை மகளின் கையை எப்படி இறுக்கியிருந்தது என்று நான் கண்டேன். மகளின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

நானும் வீட்டுக்காரரும் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின்பக்கத்தில் குப்புறப் போட்டோம். அவர் காரின் கதவைச் சாத்தினார். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க ஒரு ஆளாவது கிடைத்திருக்கும். கார்ப் பார்க்கில் குளிருக்குள் நின்று, அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டேன். சாவதைப் பற்றிச் சொல்ல அன்றைக்கு எனக்கு என்ன தகுதி?

உள்ளே வந்தபோது மேடையில் மச்சாளைக் காணவில்லை. மருமகள் கண்ணால் காட்டினாள். மண்டபத்தில் மணப்பெண் வெளிக்கிடுவதற்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. கதவைத் தட்டாமல் போனேன். சுற்றிவரப் பல்ப் எரியும் பெரிய கண்ணாடி ஒன்றுக்கு முன்னால் அவர் தனியாக இருந்தார். அழவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள்" என்றேன்.

நிமிரவில்லை. "நீரும் என்னை அப்பிடித்தான் பாத்தனீரோ?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தயாராக இருந்தது. வேலையிடத்தில் பிழை பிடித்துப் பழகியவளுக்கு, பிழை எங்கேயிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாதா? சொன்னேன். இந்தப் புரோகிராம் இதுவரை பார்த்ததெல்லாம் செத்த ஆட்களின் படம்தான் என்றேன். அதற்கு உயிரோடு இருக்கிறவர்களின் முகம் தெரியாது, நான்தான் வேறு படங்களும் காட்டியிருக்கவேண்டும், பல்லை எப்படி வரைவதென்று அதற்குப் பழக்கமில்லை, பின்னணி நிறம் தானாக வருவது. சொல்லச் சொல்ல எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு பொய்கூட இல்லை.

அவர் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிசினை விடும்" என்றார். "உம்மைத்தான் கேக்கிறன்."

நான் வாயை மூடினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் படியிறங்கிக் காரில் ஏறும்போது எனக்குள் நானே என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ஆள் இனித் தப்பாது என்று சொன்னேன். அதற்குப் பிறகு போகாமல் விட்டதும் அதனால்தான். நாலு படத்தில் சிரித்த படங்களைத் தள்ளிவிட்டு வாய் மூடியதை எடுத்தது புரோகிராம் இல்லை. நான்தான்.

"ஓம், மச்சாள்" என்றேன்.

வெளியே யாரோ மைக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். கோபத்தைக் காணவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"நானும்தான்" என்றார். "ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி முகம் கழுவேக்கை, கண்ணாடியில அவளைத்தான் பாக்கிறன். செத்தவள்தான் நிக்கிறாள். டொக்டர் என்ன சொன்னாலும் அவள் போறாளில்லை. உம்மட்டக் கேட்டால், நீர் மற்றவளைக் கண்டுபிடிச்சுத் தருவீர் எண்டு நினைச்சன். சனத்துக்கு எண்டு சொன்னது சும்மா. எனக்குத்தான் கேட்டனான்."

மன்னிப்புக் கேட்டால் அவர் "பரவாயில்லை" என்று சொல்லவேண்டி வரும். அந்தச் சுமையையும் அவரின் தலையில் ஏற்ற எனக்கு வாய் வரவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கண்ணாடிக்குள் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். பல்ப் வெளிச்சத்தில் இரண்டு பேருமே வெளிறித்தான் இருந்தோம்.

கதவைத் தட்டி, கேக் வெட்டச் சனம் காத்துக்கொண்டிருக்கிறது என்று மருமகள் சொன்னாள். மச்சாள் எழும்பப் பார்த்தார். விறைத்த விரல் நுனிகள் கதிரையின் வழுவழுப்பான கையில் பிடிபடாமல் வழுக்கின.

"கையைத் தாரும்" என்றார். கொடுத்தேன். பிடித்து எழும்பியவர், கதவு வரைக்கும் அதை விடவில்லை. கதவடியில் விட்டுவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி அந்தச் சனத்துக்குள் தனியாகப் போனார்.